அண்ணாச்சி கடைத் தமிழ்

ராஜபாளையத்தில் தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். புதுப்பாளையம், பழையபாளையம், சக்கராஜாகோட்டை, சிங்கராஜாகோட்டை என்று ராஜுக்கள் குடியிருக்கும் பக்கமெல்லாம் திண்ணைக்குத் திண்ணை தெலுங்கு கேட்கும். நாலு எட்டு வைத்து முக்குத் திரும்பினால் தமிழ். இன்னொரு சந்துக்குள் நுழைந்தால் நாயக்கமார் வீட்டுத் தெலுங்கு. அதன் இழுவை வேறு. விஜயநகரத்து ராயர்கள் காலத்தில் தெற்கே இறங்கி வந்தவர்கள் நாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எத்தனையோ தலைமுறை ஆகியும் அடுப்படிப் பேச்சு மாறவில்லை. எழுத்து மட்டும் வழியில் எங்கேயோ நழுவிப்போயிற்று. எங்கள் வீட்டில் தெலுங்கு எழுத்து தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. சிவகாசியிலிருந்து பெரியம்மா போடும் தபால் கார்டில்கூடப் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ்.

1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் நிறைவேறியது. பள்ளிக்கூடத்தில் இனி தமிழும் ஆங்கிலமும்தான். அதற்கு நாலைந்து வருஷம் கழித்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவள் நான். அரசாங்கக் கணக்கில் எனக்குத் தமிழ் முதல் மொழி, ஆங்கிலம் இரண்டாம் மொழி. வீட்டுக் கணக்கில் தமிழே இரண்டாவது. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று எங்கள் தெருவில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் தமிழை எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். அந்த ‘எப்படியோ’வுக்குள் என்ன இருந்தது என்பதை, நானே ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகிப் பல வருஷம் சிலேட்டுக்காரப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு முதல் தமிழ் வாத்தியார் தெரு முக்கில் கடை வைத்திருந்த அண்ணாச்சி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கடை வாசலில் புண்ணாக்கு மூட்டை, தலைக்கு மேலே வாழைத்தார், உள்ளே வரிசை வரிசையாகத் தகர டப்பா. எங்கள் தெருவிலேயே வெகுகாலம் இருந்ததால் அவருக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அம்மாவிடமும் அவ்வாவிடமும், அதாவது பாட்டியிடமும், தெலுங்கிலேயே கணக்குச் சொல்வார், பாக்கி கேட்பார், ஊர் வம்பு பேசுவார். பிள்ளைகள் போய் நின்றால் மட்டும் தெலுங்கு அவருக்கு மறந்துவிடும்.

“அஞ்சு பைசாவுக்குப் பசுப்பு” என்று கேட்டபடி ஒருநாள் போய் நின்றேன்.

“என்ன தாயி?”

“பசுப்பு.”

“அப்படி ஒரு சாமான் நம்ம கடையில கிடையாதே தாயி.”

டப்பாவை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் வேண்டுமென்றே பக்கத்து டப்பாவைத் தொட்டார். “இதா? இது சீரகம்.” தலையை ஆட்டினேன். “அப்ப இது? இது வெந்தயம்.” அதுவும் இல்லை. “இது கடுகு.” எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் சோதிக்க மாட்டார். சரியான டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, என் மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, “இது மஞ்சத்தூளு. எங்க, சொல்லு” என்றார். சொன்னேன். பொட்டலம் கைக்கு வந்தது. கூடவே விரல் நுனி அளவு வெல்லத்துண்டு. மஞ்சள் வாங்கப் போனவள் சீரகம், வெந்தயம், கடுகு எல்லாவற்றையும் பேரோடும் வாசனையோடும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது தெரு நெடுக முணுமுணுத்துக்கொண்டே போவேன். சாமான் வேண்டும், வெல்லமும் வேண்டும், அண்ணாச்சி சிரிக்கவும் வேண்டும். மூன்றுக்கும் தமிழ் தேவைப்பட்டது.

பள்ளிக்கூடம் வேறு மாதிரி. அங்கே ஆரம்பத்தில் நான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஆனா ஆவன்னா கத்தும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே தலையில் மல்லிகை மணக்கும். அவருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் வாய் திறக்காத பிள்ளையை அவர் விரட்டவில்லை. வேலை கொடுத்தார். “சாக்பீஸ் எடுத்துட்டு வா”, “ஜன்னலைத் திற”, “கடைசி வரிசையில போய் உட்காரு”, “சிலேட்டுக்குக் கோவை இலை பறிச்சுட்டு வா.” சொல்லும்போதே கையும் கண்ணும் அந்தத் திசையைக் காட்டும். நான் போவேன், எடுப்பேன், வருவேன். பேச வேண்டிய அவசியம் இல்லை, புரிந்துகொண்டால் போதும். கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்த்துச் சிலேட்டைக் கறுப்பாக்கும் வேலையை எனக்கே என்று ஒதுக்கியிருந்தார். பச்சை வாசனையோடு கை முழுக்கக் கறுப்பாக உட்கார்ந்து தேய்க்கும்போது, சுற்றியிருந்த பிள்ளைகள் “இன்னும் நல்லாத் தேயி”, “இங்க விட்டுப்போச்சு பாரு” என்பார்கள். அவர்கள் பேசப் பேச என் காது நிறைந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் இதையே ஒரு முறையாக வகுத்துக்கொண்டிருந்தார் என்று பின்னாளில் படித்தேன். புது மொழியை முதலில் கட்டளைகளாகக் கேட்கட்டும், உடம்பால் பதில் சொல்லட்டும், வாய் தானாகத் திறக்கும் வரை அவசரப்படுத்தாதே என்பது அவர் கட்சி. எங்கள் டீச்சர் அவர் பேரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் மேய்க்கிற பெண்ணுக்கு வாய்த்த சமயோசிதம் அது.

என் வாயிலிருந்து பள்ளியில் முதலில் வந்த தமிழ், மதியச் சோற்று வரிசையில் வந்தது. 1956-இல் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம் எங்கள் காலத்தில் அமெரிக்க உதவியாக வந்த மக்காச்சோள ரவையிலும் பால் பவுடரிலும் ஓடிக்கொண்டிருந்தது. உப்புமாவை அள்ளிப் போடும் ஆயாவிடம் தட்டை நீட்டியபடி “இன்னும் கொஞ்சம்” என்றேன். டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆயாதான், “அட, பேசுதே!” என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

பேச ஆரம்பித்த பிறகு வேறு சிக்கல். ஒருநாள் காலையில் டீச்சர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “டீச்சர் வந்துச்சு! டீச்சர் வந்துச்சு!” என்று கூவினேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். தெலுங்கில் ஒருமை என்றால் அக்கா வந்தாலும் பசு வந்தாலும் வினைமுற்று ஒன்றுதான். அந்த வழக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் சிரித்த பிள்ளைகள் மட்டும் என்ன? அவர்களும் வீட்டில் “அக்கா வந்துச்சு”, “அம்மா போயிருச்சு” என்றுதான் பேசுவார்கள். எங்கள் சீமைத் தமிழே அப்படி.

டீச்சர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பாடமே அதுவாகிவிட்டது. வாசலுக்கு வெளியே ஒரு பையன், ஒரு பெண், மதிய உணவு ஆயா, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி என்று நிறுத்திவிட்டார். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். வந்ததும் வகுப்பே சேர்ந்து கத்த வேண்டும்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஆட்டுக்குட்டி உள்ளே வர மறுத்து நின்றது. “வரவில்லை” என்பதும் அப்படிக் கிடைத்தது. அன்று தடுமாறியவர்களில் தெலுங்குப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்ற பேதமே இல்லை. பாடப்புத்தகத்துத் தமிழ் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புதுசு. அவர்கள் வீட்டில் ‘வந்தாள்’ என்று யார் சொல்கிறார்கள்? ஒன்றாம் வகுப்பில் எல்லாருமே இன்னொரு பாஷை படிக்க வந்தவர்கள்தான். எங்களுக்குத் தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அந்த ஒரு காரியத்தால் சிரிப்பு அடங்கியது. அதன் பிறகு வகுப்பில் நான் வாய் திறக்கப் பயந்ததில்லை.

டீச்சர் எங்களிடமும் படித்தார். பலகையில் படத்தை ஒட்டிவிட்டு, “உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்வீங்க?” என்பார். சொல்லுவோம். அவர் தப்பாகத் திருப்பிச் சொல்லுவார். நாங்கள் திருத்துவோம். பெரிய மனுஷி ஒருத்தி நம் பேச்சைச் சொல்லத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்ப்பதில் ஆறு வயதுக்கு உண்டாகும் சந்தோஷம் இருக்கிறதே! வீட்டுப் பேச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லாத வகுப்பறை அது. பின்னாளில் வீட்டுப் பேச்சைப் பேசினாலே அபராதம் போடும் பள்ளிகளையும் பார்த்துவிட்டேன்.

மார்கழி வந்தால் திருப்பாவை ஒப்புவிக்கும் போட்டி. எங்கள் அவ்வாவுக்கு முப்பது பாட்டும் மனப்பாடம். எந்த எழுத்தும் தெரியாது. கேட்டுக் கேட்டே வந்தது. தமிழில் நாலு வாக்கியம் கோர்வையாகப் பேச வராத அந்த மனுஷி, விடிகாலையில் கோலம் போட்டுக்கொண்டே ஆண்டாள் பாட்டை வரிசை பிசகாமல் சொல்லுவாள். நான் போர்வைக்குள் கிடந்தபடி கேட்பேன். பொருள் தெரியாது. ஒருத்தி மற்றவர்களை எழுப்பப் போகிறாள், அவர்கள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள் என்கிற அளவுக்குக் கதை தெரியும். என்னை எழுப்புவதற்கும் அவ்வா அதையேதான் பாடினாள் என்பதால் அது என்னைப் பற்றிய பாட்டு என்றே வெகுநாள் நம்பியிருந்தேன்.

அவ்வாவின் பாட்டில் குறை ஒன்றுதான். ழகரம் வராது. தெலுங்கில் அந்த ஒலி கிடையாது. தெருவில் கற்றுக்கொள்ளலாம் என்றால் தமிழ்க்காரர்களும் எங்கள் பக்கம் பளம், மளை என்றுதான் சொல்வார்கள். திருப்பாவையின் நாலாவது பாட்டில் ழகரம் அடுக்கடுக்காக வரும்; தப்பவே முடியாது. டீச்சர் என்னைப் பள்ளி விட்டபின் நிறுத்திவைத்து, தம் வாயைத் திறந்து காட்டினார். நாக்கை உள்ளே மடக்கு, மேல்வாயைத் தொட்டுவிடாதே, தொடப்போகிற இடத்திலேயே நிறுத்து, காற்றை விடு. என் நாக்கு ஒவ்வொரு தடவையும் போய்த் தொட்டது. சுண்டுவிரலால் என் கன்னத்தை இலேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அவசரப்படாதே, தொங்கட்டும்” என்றார். திடீரென்று ஒரு சாயங்காலம் ‘மழை’ சரியாக விழுந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அவ்வாவுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பல் போன வாயில் நாக்கை எங்கே நிறுத்துவது என்று அவ்வா திணறினாள். கடைசியில், “இத்தனை வருஷம் ஆண்டாள் என் பாட்டை ஏற்றுக்கொண்டவள்தானே” என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

அந்த மார்கழியில் அவ்வாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பஸ் ஊரை நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே பதினொரு நிலைக் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிடும். 192 அடி. டீச்சர் கோயில் வாசலிலேயே காத்திருந்தார். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைக் காட்டி, அது தினம் தினம் புதிதாகச் செய்வது என்றார். மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு. அவ்வா தன் உடைந்த தமிழில் டீச்சரிடம் ஏதேதோ கேட்டாள். டீச்சர் எங்களிடம் பொறுக்கியெடுத்த தெலுங்கில் பதில் சொன்னார். இருவரும் ஒருவர் பாஷையை ஒருவர் துவம்சம் செய்தபடி பிராகாரம் முழுக்கச் சுற்றிவந்தார்கள். ஒரு பேச்சும் புரியாமல் போகவில்லை. திரும்பும்போது சுடச்சுடப் பால்கோவா வாங்கி என் கையில் வைத்தார்.

நாயனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மில்லில் வேலை. சங்கு ஊதினால் புறப்படுவார், சங்கு ஊதினால் வருவார். அன்று இரவு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையை நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, “அந்த ஊரைப் பற்றித் தெலுங்கில் பெரிய காவியமே இருக்கு தெரியுமா?” என்றார். கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதா. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தை ஆண்ட அந்த ராஜா, பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் வைத்துத் தெலுங்கில் பாடினார். அதில் வில்லிபுத்தூர்க் கால்வாய் ஒன்று வரும். விடிகாலையில் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கும் வாத்துகளைப் பார்த்து, குளித்தவர்கள் மறந்துவிட்டுப் போன வேட்டி என்று நினைத்துக் காவலாட்கள் எடுக்கப் போவார்கள், வாத்துகள் பறந்துவிடும், வயல் காக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நாயனா இதை யாரோ சொல்லக் கேட்டவர்தான், படித்தவரல்ல. தமிழ்ப் பெண்ணைத் தெலுங்கு ராஜா பாடினார். திருமலையில் மார்கழி முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதிலாக அவள் பாட்டையே சேவிக்கிறார்கள். இந்த ஊர்களில் இரண்டு பாஷையும் முறை வைத்துப் பழகியிருக்கின்றன.

மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் வந்தது. எங்களுக்கு வாய்த்த சார் ஆங்கிலத்தை நடித்துக் காட்டுகிறவர். “ஐ யாம் கோயிங் டு த டோர்” என்று சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடப்பார். “ஐ யாம் ஓபனிங் த டோர்.” கதவு கிரீச்சிடும். பிறகு ஒவ்வொருவராக நடந்து, திறந்து, சொல்ல வேண்டும். அந்தக் கதவு எங்கள் காலத்தில் திறந்து மூடியே தேய்ந்திருக்கும். இதற்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருந்தது எனக்குப் பயிற்சிப் பள்ளியில்தான் தெரிந்தது. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில், அன்றைய சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு முயற்சி நடந்தது. சிலருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவர்கள் இன்னும் சிலருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவர்கள் மேலும் பலருக்கு. உருள உருளப் பெருக்க வேண்டும் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்றே பேர். பனி விழாத ஊரில் பனிப்பந்து! இலக்கணம் ஒப்பிக்காதே, மொழிபெயர்க்காதே, வாக்கிய அமைப்பை ஒவ்வொன்றாகச் செய்து காட்டிப் பழக்கு என்பது அதன் சாரம். எங்கள் கதவு அங்கிருந்து வந்தது.

முறை நல்ல முறைதான். எங்களுக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் மணி அடித்தால் ஆங்கிலம் முடிந்தது. ராஜபாளையத்தில் யாரிடம் போய் “ஐ யாம் ஓபனிங் த டோர்” என்பது? அந்த மொழியில் மஞ்சள் தூள் வாங்க முடியாது, இன்னும் கொஞ்சம் உப்புமா கேட்க முடியாது, தட்டாங்கல்லில் கள்ளாட்டம் ஆடியவளைத் திட்ட முடியாது. நாங்கள் அதில் பேசினால் மனம் குளிர்கிறவர், கோபப்படுகிறவர், பதில் சொல்கிறவர் யாரும் இல்லை. தமிழுக்கு அண்ணாச்சி இருந்தார், ஆயா இருந்தாள், டீச்சர் இருந்தார், சண்டைக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு கதவு மட்டுமே இருந்தது.

தெலுங்கு எழுத்துக்கும் அதே கதிதான். நாயனா திருப்பதி போனபோது ரயிலடியில் ஒரு ‘சந்தமாமா’ வாங்கிவந்தார். 1947-இல் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கிய பத்திரிகை; தமிழில் அது ‘அம்புலிமாமா’. அந்த மாதத்து அம்புலிமாமாவை இரவல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒரே படத்துக்குக் கீழே இருந்த இரண்டு எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சில எழுத்துகளைக் கண்டுபிடித்தேன். அப்படியே நின்றுபோயிற்று. நான் படித்துக் காட்டினால் கேட்டுச் சரி தப்பு சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

2003-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து கதை படித்தார்கள், பொம்மை காட்டி விளையாடினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் கேட்டவை ஒன்றும் கற்கவில்லை. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

டல்லாஸில் இருக்கும் தங்கை மகள் போன மாதம் கூப்பிட்டாள். பிள்ளைக்கு நாலு வயது. தமிழுக்கு ஒரு செயலி, தெலுங்குக்கு ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். படத்தைத் தொட்டால் பேர் சொல்கிறதாம். ஆனாலும் பிள்ளை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறதாம். வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள் பெத்தம்மா என்றாள். தினம் சோறு ஊட்டும்போது நீயே பேசு, வேண்டியதை அவன் கேட்கும் வரை கொஞ்சம் புரியாத மாதிரி இரு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டிவந்து ஒரு மாதம் இங்கே விட்டுவிட்டுப் போ என்றேன்.

“எனக்கே தமிழ் சரியா வராதே பெத்தம்மா. தப்புத் தப்பாகப் பழகிக்கொள்ள மாட்டானா?”

தப்பைத் திருத்தப் பிற்பாடு எத்தனையோ டீச்சர்கள் வருவார்கள். பேசுவதற்கு ஒரு ஆள் இல்லாத பிள்ளைக்குத் திருத்த என்ன இருக்கும்? நீ பேசு என்றேன்.